ஒரு பக்கம் போதும்

அன்புள்ள வாசகருக்கு,

பேத்தியின் காதுகுத்து விழாவை நீங்களே போனில் எடுத்ததாகவும், அந்தத் துண்டுகளைக் கோத்து ஒரு படமாக்க டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளை இறக்கிவைத்து, திறந்த கையோடு மூடிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். “பழைய மூவி மேக்கர் எவ்வளவோ தேவலை” என்ற உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் மைக்ரோசாஃப்ட் அதை 2017 ஜனவரியிலேயே கைகழுவிவிட்டது. அந்தப் பெயரில் போலிகள் உலவுகின்றன, இறக்கிவிடாதீர்கள்.

நீங்கள் மிரண்டதற்கு வயது காரணமில்லை. ரிசால்வ் வந்த வழி அப்படி. டாவின்சி 1980களில் அமெரிக்காவின் புளோரிடாவில் நிறம் திருத்தும் கருவியாகப் பிறந்தது. தனி மேசையும் உருளைகளுமாக லட்சக்கணக்கான டாலர் விலையில், பெரிய ஸ்டுடியோக்களுக்கு மட்டுமே எட்டும்படி இருந்தது. 2009இல் ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் அதைத் தயாரித்த நிறுவனத்தை வாங்கியது. பிறகு இலவசப் பதிப்பும் வந்தது. எடிட்டிங், ஒலிக்கலவை, கிராஃபிக்ஸ் எல்லாம் அதன் மேல் மாடி மாடியாக எழுந்தவை. அதனால்தான் திரையின் அடியில் மீடியா, கட், எடிட், ஃபியூஷன், கலர், ஃபேர்லைட், டெலிவர் என்று இத்தனை பக்கங்கள். சினிமாவில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆள் உண்டு. உங்களுக்கு எடிட் பக்கம் போதும், படம் முடிந்தபின் டெலிவர். ஃபியூஷன் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதீர்கள்.

உங்கள் மடிக்கணினியில் 8 ஜிபி ரேம்தான் என்றால் ரிசால்வ் திணறும். ஷாட்கட் அல்லது கேடன்லைவ் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் இலவசம், இரண்டும் திறமூலம். ரிசால்விலேயே நிற்பதானால், கிளிப்புகளைத் தேர்ந்தெடுத்து வலது கிளிக் செய்து ப்ராக்ஸி உருவாக்கிக்கொண்டு வேலை செய்யுங்கள். எடிட் செய்யும்போது இலகுவான நகல் ஓடும். கடைசியில் ரெண்டர் செய்யும்போது அசல் கோப்பையே எடுக்கச் சொல்லலாம்.

தொடங்குமுன் ஒரு சடங்கு. பல போன்கள் நொடிக்கு இத்தனை ஃபிரேம் என்று சீராகப் பதிவதில்லை. வெளிச்சம் குறைந்தால் எண்ணிக்கையும் குறையும். எடிட்டிங் மென்பொருளுக்கு இது பிடிக்காது. முதல் நிமிடத்தில் சரியாக இருந்த உதட்டசைவு பத்தாவது நிமிடத்தில் குரலைவிட்டு விலகிப் போயிருக்கும். பலரும் மென்பொருளில்தான் கோளாறு என்று திட்டிவிட்டு எழுந்துபோவது இந்த இடத்தில்தான். ஹேண்ட்பிரேக் என்ற இலவசக் கருவியில் கிளிப்பைப் போட்டு, வீடியோ பகுதியில் ஃபிரேம் ரேட்டை 30, ‘கான்ஸ்டன்ட்’ என்று வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். முதல் கிளிப்பை ரிசால்வுக்குள் கொண்டுவரும்போது ப்ராஜெக்டின் ஃபிரேம் ரேட்டை மாற்றவா என்று ரிசால்வ் கேட்டால், மாற்றச் சொல்லுங்கள். பிறகு மாற்ற நினைத்தால் விடாது.

விசைகளில் ஜே, கே, எல் மூன்றும் முதலில் விரலில் ஏறட்டும். பின்னால் ஓட்ட, நிறுத்த, முன்னால் ஓட்ட. வேண்டிய துண்டின் தொடக்கத்தில் ஐ, முடிவில் ஓ. கண்ட்ரோலோடு பி அழுத்தினால் டைம்லைனில் கோடு நிற்கும் இடத்தில் கிளிப் இரண்டாகும். முதல் படத்துக்கு இதற்குமேல் ஒன்றும் வேண்டாம். பாடம் சொல்லும் வீடியோக்களை வரிசையாகப் பார்த்துவிட்டு உட்காரலாம் என்று நினைக்கிறீர்களே, அது வேண்டாம். அவை அவர்கள் எடுத்த கிளிப்புகளுக்கான பாடம். உங்கள் கிளிப்பில் சிக்கும்போது அந்தச் சிக்கலை மட்டும் தேடிப் பாருங்கள்.

இனிதான் எடிட்டிங். காது குத்தும் அந்த நொடியை எடுத்துக்கொள்வோம். தாய்மாமன் மடியில் குழந்தை, ஆசாரியின் கை, அருகில் பாட்டி. உள்ளதை உள்ளபடி வெட்டினால் ஊசி ஏறும், குழந்தை வீறிடும், முடிந்தது. ஒலியைப் படத்திலிருந்து பிரித்து, அந்த வீறிடலை மட்டும் இரண்டு மூன்று நொடி முன்னால் இழுத்துப் பாருங்கள். திரையில் பாட்டி முகம், காதில் அழுகை. அதன்பிறகு குழந்தைக்கு வெட்டுங்கள். அழுகை கேட்கும், யார் அழுகிறார்கள் என்பது தெரியும், ஆனால் இன்னும் பார்க்கவில்லை. அந்த இடைவெளியில் பார்ப்பவர் தன்னையறியாமல் முன்னால் சாய்வார். எடிட்டர்கள் இதை ‘ஜே கட்’ என்பார்கள். ‘தி இங்கிலிஷ் பேஷன்ட்’ படத்துக்கு எடிட்டிங்கில் ஆஸ்கர் பெற்ற வால்டர் மர்ச், ஒரு வெட்டு சரியா என்று பார்க்க ஆறு அளவுகோல்கள் சொல்லி, உணர்ச்சிக்கு மட்டும் 51 சதவீதம் கொடுத்தார். இடத்தொடர்ச்சி பட்டியலின் கடைசியில் கிடக்கிறது. ஆகவே முந்தைய ஷாட்டில் மாமாவின் துண்டு இடது தோளில் இருந்ததே என்று கவலைப்படாதீர்கள்.

டிரான்சிஷன் பெட்டியைத் திறக்காமல் இருப்பது நல்லது. நம் கல்யாண வீடியோக்களில் மணமக்கள் தாமரைக்குள்ளிருந்து எழுந்து வருவார்களே, அந்த ஆசைக்குத்தான் அது இட்டுச் செல்லும். நேர் வெட்டு போதும்.

தமிழில் தலைப்பு போடும்போது ஒரு தொல்லை வரலாம். சில மென்பொருள்களில், சில பதிப்புகளில் கொம்பும் காலும் எழுத்தைவிட்டு இடம்மாறி நிற்கும். பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளில் தெற்காசிய எழுத்துகளுக்கான ஓர் அமைப்பு உண்டு, அதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். மற்றவற்றில் மல்லுக்கட்டாமல், இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தலைப்பை எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகச் சேமித்து, டைம்லைனில் வீடியோவுக்கு மேல் வரிசையில் வைத்துவிடுங்கள்.

ப்ராஜெக்டைச் சேமித்தால் வீடியோவும் அதற்குள் பத்திரமாகிவிட்டது என்று எண்ணவேண்டாம். எந்தக் கிளிப், எங்கே வெட்டு என்ற குறிப்பு மட்டும்தான் அதில் இருக்கும். கிளிப் இருந்த ஃபோல்டரின் பெயரை மாற்றினாலே ‘மீடியா ஆஃப்லைன்’ என்று திரை சிவக்கும். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, ஒரு நகலை வெளி ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். டெலிவர் பக்கத்தில் எம்பி4, ஹெச்.264, 1080 என்று வைத்தால் வீட்டு டிவியிலும் ஓடும். உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், தரம் குறையாமல் போய்ச் சேரும். எனக்கும் ஒரு பிரதி அனுப்பவேண்டும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்