உயரம் கூடும் வயது முந்திவிட்டது

ஜப்பானில் 1900-ஆம் ஆண்டு முதல் பள்ளி மாணவரின் உயரம் அளந்து பதியப்படுகிறது. அன்று 12 வயதுச் சிறுவரின் சராசரி உயரம் சுமார் 134 செ.மீ.; இன்று 150-ஐத் தாண்டிவிட்டது. 17 வயதினரோ 158-இலிருந்து 170 செ.மீ. அளவிற்கே உயர்ந்துள்ளனர். இளையோரிடம் மிகுதி கூடுதலாக இருப்பதைக் கவனியுங்கள்: நல்லுணவாலும் நோய் குறைந்ததாலும் குழந்தைகள் முன்னதாகவே வளர்ந்துவிடுகின்றனர்.

எனவே, வகுப்பிலேயே உயரமான பத்து வயதுச் சிறுமியின் வளர்ச்சி விரைவில் நின்றுவிடவும் கூடும். பருவ மாற்றம் சிறுமியருக்கு 8 வயதிற்கு முன்போ, சிறுவருக்கு 9 வயதிற்கு முன்போ தொடங்கினால் மருத்துவரிடம் காட்டுங்கள். “தாத்தா கல்லூரியில்தான் வளர்ந்தார்” என்று சொல்லிக் காத்திருப்பதும் சரியன்று. 5 வயதிற்குப் பின் ஆண்டுக்கு 4 செ.மீ.கூட வளராத குழந்தையையும் அழைத்து வாருங்கள். பள்ளியில் அளந்த உயரங்களைத் தேதியுடன் குறித்து வருதல் மிகவும் உதவும்.