வேலிக்கரைப் பேச்சு இல்லாத ஊரில் தோட்டம்

கேள்வி: அண்ணா, எனக்கு வயது 52. ரூஜ் பகுதியில் சொந்த வீடு, தொழிற்சாலையில் 22 வருட வேலை. அப்பா யாழ்ப்பாணத்து உரும்பிராயில் வெங்காயத் தோட்டம் செய்தவர். பதினாறு வயது வரை நானும் அவருக்குத் தண்ணீர் மாறி நின்றவன். இங்கே வீட்டிலிருந்து கொஞ்சத் தூரம் வடக்கே போனால் சோளமும் சோயாவும் நிற்கிற காணிகள். பார்க்கும்போதெல்லாம் கை துருதுருக்கிறது. ஐந்து ஏக்கர் குத்தகைக்கு எடுத்து, எங்கள் ஆட்கள் வாங்கிற வெண்டி, கத்தரி, பயற்றங்காய் செய்ய விருப்பம். வீட்டின் மேல் கடன் எடுத்து, வேலையையும் விடலாமா என்று யோசிக்கிறேன். நண்பர் ஒருவர், "முதலில் இடர் முகாமைத்துவ வகுப்பு ஒன்றுக்குப் போ" என்கிறார். மனைவியோ, "மாமா எந்த வகுப்புக்குப் போனவர்?" என்று கேட்கிறா. வகுப்பால் உண்மையில் பயன் உண்டா?
(பெயர் வேண்டாம், ரூஜ், ஸ்காபரோ)

பதில்: தம்பி, உங்கள் மனைவி கேட்டது நியாயமான கேள்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அப்பா வகுப்புக்குப் போகாதவர்தான். ஆனால் எந்த வியாபாரி காசை இழுத்தடிப்பான், யாருடைய விதை வெங்காயம் இந்த முறை அழுகல் இல்லாதது என்பதெல்லாம் வேலிக்கரையில் நின்று கதைக்கும்போதே அவருக்குத் தெரிந்துவிடும். விலை விழுந்தால் வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டி, காற்றோட்டமாகத் தொங்கவிட்டுக் காத்திருப்பார்கள். ஒரு துண்டில் வெங்காயம், இன்னொன்றில் புகையிலை, கொட்டிலில் இரண்டு ஆடு. நடுகைக்கு அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போகும், அறுவடைக்குப் பிறகு மீளும். இவ்வளவும் இடர் முகாமைத்துவம்தான்.

அப்படியிருந்தும் அடி விழுந்தது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்து வெங்காயமும் மிளகாயும் நல்ல விலைக்குப் போயின. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் வெளிநாட்டுச் சரக்கு இறங்கியது, விலை சரிந்தது. தோட்டக்காரரின் கைத்திறனில் ஒரு குறையும் இருக்கவில்லை. அன்று விழுந்தவர்களைச் சொந்தமும் அயலும் தாங்கின. நீங்கள் கைத்திறனைக் கடல் கடந்து கொண்டுவந்துவிட்டீர்கள். அயலும் வேலிக்கரையும் கூட வரவில்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் வகுப்பு. அதனால் கட்டாயம் போங்கள்.

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்கீழ் இந்தக் கல்விக்கு அரசு பணம் ஒதுக்குகிறது. அங்கே இடரை ஐந்தாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள்: விளைச்சல், சந்தை, பணம், சட்டம், மனிதர். கனடாவிலும் பாடம் ஏறக்குறைய இதுதான். உங்கள் திட்டத்தை இந்த ஐந்திலும் உரசிப் பார்ப்போம்.

முதலில் சட்டம், அதாவது குத்தகை. இதற்கு உங்கள் வாசலிலேயே ஒரு பாடம் இருக்கிறது. பிக்கரிங்கில் விமான நிலையம் கட்டவென்று 1972இல் மத்திய அரசு பெருமளவு காணியை எடுத்தது. விமான நிலையம் வரவில்லை. தங்கள் காணியிலேயே பலர் குத்தகைக்காரர் ஆனார்கள், அதுவும் ஓராண்டுக் குத்தகையில். அடுத்த வருடம் நிச்சயமில்லாதவர் வடிகால் குழாய் புதைப்பாரா? கொட்டகை திருத்துவாரா? அந்தக் காணிகளில் ஒரு பகுதி பிறகு ரூஜ் தேசிய நகரப் பூங்காவுடன் சேர்ந்தது. 2015இல் சட்டப்படி உருவான இது, கனடாவின் முதலாவது தேசிய நகரப் பூங்கா. ஏறத்தாழ 79 சதுர கிலோமீற்றர் பரப்பு, உள்ளே இன்னும் தோட்டம் நடக்கிறது. பார்க்ஸ் கனடா அங்கே 30 ஆண்டு வரையான குத்தகைக்கு வழி திறந்தது. விமான நிலையத் திட்டத்தைக் கைவிடுவதாக அரசு அறிவித்ததோ 2025 ஜனவரியில்தான். பூங்காக் காணியோ தனியார் காணியோ, எத்தனை வருடம், தண்ணீர் எங்கிருந்து, இடையில் காணி விற்கப்பட்டால் நிற்கிற பயிர் யாருக்கு என்று எழுத்தில் வாங்காமல் ஒரு டொலரும் போடாதீர்கள். மருந்து அடிப்பதும் இங்கே சட்டத்துக்குள்தான். பாதுகாப்புப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் எடுக்காமல் தோட்ட மருந்து வாங்க முடியாது. லேபலில் உங்கள் பயிரின் பெயர் இல்லையென்றால் அதை அந்தப் பயிருக்கு அடிக்கவும் கூடாது.

அடுத்தது விளைச்சல். இங்கே நான் தோட்டம் செய்த முதல் வருடத்தில், மே முதல் வாரம் வெயிலைக் கண்டு ஏமாந்து வெண்டி விதை போட்டேன். பத்து நாள் கழித்து மண்ணைக் கிளறினால், விதை கறுத்து, விரலில் பிதுங்கியது. மேலே வெயில், கீழே மண் ஐஸ் மாதிரி. மண்ணின் வெப்பம் 18 பாகை செல்சியஸைத் தாண்டாமல் வெண்டி போடாதீர்கள். மண்ணில் குத்திப் பார்க்கிற வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒக்டோபரில் உறைபனி வந்துவிடும். இடையில் உள்ள நாட்களை எண்ணித்தான் பயிர் தெரிய வேண்டும்.

சந்தை. வெண்டியும் ஆசியக் கத்தரியும் ஒன்ராறியோ மண்ணில் வருமா என்று வைன்லாந்து ஆராய்ச்சி நிலையம் ஆராய்ந்திருக்கிறது. வரும். ஆனால் எங்கள் கடைகளுக்கு வெளிநாட்டு வெண்டியும் ஆண்டு முழுவதும் வந்துகொண்டிருக்கிறது. "கொண்டு வாங்கோ, பார்ப்பம்" என்ற கடைக்காரரின் வார்த்தையை நம்பி ஐந்து ஏக்கர் போட முடியாது. கிழமைக்கு எத்தனை பெட்டி, என்ன விலை, எத்தனை நாளில் காசு என்று இரண்டு மூன்று பேரிடமாவது பேசி முடித்த பிறகு விதை வாங்குங்கள்.

மனிதர் என்றால் முதலில் நீங்களும் உங்கள் மனைவியும். ஆடி மாதத்தில் வெண்டியை ஒருநாள் விட்டு ஒருநாள் ஆய வேண்டும். ஒரு சனி ஞாயிறு கலியாணவீட்டுக்குப் போய் வந்தால் காய் முற்றி நாராகிவிடும். உங்களுக்கு நாரி பிடித்தால் யார் ஆய்வார்கள்? அந்தப் பெயரையும் முதலே எழுதி வையுங்கள்.

கடைசியாகப் பணம். ஒன்ராறியோவில் பயிர்க் காப்புறுதியையும் அக்ரிஸ்டபிலிட்டி திட்டத்தையும் நடத்துவது அக்ரிகோர்ப். உங்கள் பயிர் காப்புறுதிப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அக்ரிஸ்டபிலிட்டி தனிப் பயிரைப் பார்ப்பதில்லை, முழுத் தோட்டத்தின் வரவு செலவைப் பார்க்கும். அதனால் எங்கள் மரக்கறிகளுக்கு அது பொருந்தும். கணக்கு இப்படி: உங்கள் வழக்கமான மிச்சம் 30,000 டொலர் என்று வையுங்கள். அதன் 70 சதவீதமான 21,000க்குக் கீழே மிச்சம் இறங்கினால்தான் உதவி. இந்த வருடம் 12,000தான் மிஞ்சியது என்றால் குறைவு 9,000. 2023இல் விகிதம் 80 சதவீதமாக உயர்த்தப்பட்டது, அந்தக் கணக்கில் 7,200 டொலர் கிடைத்திருக்கும். புதியவர்களும் சேரலாம். சேர வழக்கமான கடைசி நாள் ஏப்ரல் 30. ஆனால் வரவு செலவைத் துண்டு துண்டாகப் பதிந்து, தோட்ட வருமானமாக வரியில் காட்டியவருக்குத்தான் இந்தக் கதவு திறக்கும். கைக்காசுக்கு விற்றுவிட்டுச் சும்மா இருந்தால் நட்டம் வரும் நாளில் காட்ட ஒன்றும் இருக்காது.

கல்விக்கு எங்கே போவது? ஒன்ராறியோ மண், பயிர் மேம்பாட்டுச் சங்கம் நடத்தும் சுற்றாடல் தோட்டத் திட்டப் பயிலரங்கு, குவெல்ப் பல்கலைக்கழகத்தின் ரிட்ஜ்ரவுன் வளாகம் நடத்தும் மருந்துப் பாதுகாப்புப் பயிற்சி, தோட்ட நிர்வாகம் கற்பிக்கும் பாம் மனேஜ்மென்ட் கனடா, இந்த மூன்றிலும் தொடங்குங்கள். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். பக்கத்தில் இருக்கிற மற்றத் தோட்டக்காரரிடம் பேச்சுக் கொடுங்கள். உங்கள் புதிய வேலிக்கரை அங்கேதான்.

முதல் வருடம் ஒரு ஏக்கர் போதும். வேலையை விட வேண்டாம். சேமிப்பில் இழந்தாலும் தாங்கக்கூடிய தொகையை மட்டும் போடுங்கள். அம்மாவின் சங்கிலி ஒரு போகத்தில் மீளாவிட்டால் அடுத்த போகத்தில் மீளும். வீடு அப்படியில்லை, தம்பி. வீட்டு உறுதி அலுமாரிக்குள்ளேயே இருக்கட்டும்.