கடையா, பெற்றோல் செட்டா, வெறுங்கட்டடமா?
கடல் கடந்து வியாபாரம் வாங்கப்போகும் பதுளைக்காரருக்கு

பசறை, லுணுகலை, ஹாலிஎல, தெமோதரை பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வெளிநாடு போனவர்களில் சிலருக்கு, எத்தனை காலம்தான் சம்பளத்துக்கு நிற்பது, சொந்தமாக ஒரு கடையை எடுத்துவிட்டால் என்ன என்ற எண்ணம் வருகிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். காணி உள்ளவர் உறுதியை வங்கியில் வைத்துக் கடன் எடுப்பார். லயத்தில் பிறந்தவருக்கு வைக்க உறுதி இல்லை. அடகு வைத்த நகை, சீட்டுக் காசு, குவைத்தில் அக்கா சேர்த்த சம்பளம் இவைதான் முதல். அது ஒருமுறை போனால் மறுபடி புரட்ட முடியாது. அதனால் இந்த வழிகாட்டி லாபத்தை விட முதலைக் காப்பாற்றும் பக்கமே சாய்ந்திருக்கும்.

நம்மவர்களுக்கு இந்தத் தெரிவு புதிதும் அல்ல. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியா போனவர்கள் முன்னால் சில வழிகள் வைக்கப்பட்டன: அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை, நூற்பாலையில் வேலை, அல்லது 5,000 ரூபாய் வியாபாரக் கடன். கடன் எடுத்தவர்களில் பலர் அதுவரை தராசு பிடித்ததே இல்லை. அறியாத ஊரில், அறியாத தொழிலில் காசு கரைந்தது. கடைசியில் நீலகிரிக்கு ஏறி மறுபடி கொழுந்து பறிக்கப் போனவர்கள் ஏராளம். கடன் சிறியது என்பது பாதிக் காரணம். தொழில் பழகாமல் முதல் போட்டது மீதிப் பாதி.

இனி இன்றைய கணக்கு. முதலில், நீங்கள் இருக்கும் நாடு உங்கள் பெயரில் வியாபாரம் நடத்த விடுகிறதா? சவூதியில் உள்ளூர்க்காரர் பெயரில் கடை, உள்ளே நம் காசு என்ற ஏற்பாட்டைத் தொடவே வேண்டாம். 2020இல் வந்த சட்டப்படி அதற்கு ஐந்து வருடம் வரை சிறை, 50 லட்சம் ரியால் வரை தண்டம். அமீரகத்தில் 2021க்குப் பிறகு பல தொழில்களை வெளிநாட்டவர் முழுதாகவே சொந்தமாக வைத்திருக்கலாம். ஆனால் லைசன்ஸில் யார் பெயர் இருக்கிறதோ அவரே முதலாளி. வாய்ப்பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை.

இங்கிலாந்தில் மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது. ‘இன்னோவேட்டர் ஃபவுண்டர்’ விசா புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கானது. நடக்கிற கடையை வாங்க அது உதவாது. அங்கே நிரந்தர வதிவிடம் கிடைத்தவருக்குத் தலைப்பில் சொன்ன மூன்று கதவும் தாராளமாகத் திறக்கும். கீழே வருவது அவருக்கு.

நடக்கிற மூலைக்கடையை வாங்குவதுதான் பலருக்கும் முதல் ஆசை. விலையில் மூன்று பங்கு இருக்கும்: குட்வில் (கடையின் பேருக்கும் வாடிக்கைக்கும் கொடுக்கும் விலை), தளபாடம், சரக்கு. சரக்கைக் கைமாறும் நாளன்று எண்ணி விலை போடுவார்கள். பின் அறையில் திகதி முடிந்த பிஸ்கட்டும் கணக்கில் ஏறிவிடும், நீங்கள் பக்கத்தில் நிற்காவிட்டால்.

தரகர் முதலில் சொல்வது வார விற்பனைத் தொகை. அதில் மயங்கிவிடக் கூடாது. சிகரெட்டிலும் லொத்தரிலும் மிஞ்சுவது சொற்பம். உதாரணத்துக்கு ஒரு கடை வாரம் 12,000 பவுண் விற்கிறது என்று வைப்போம். பாதி சிகரெட், லொத்தர். அதில் நூற்றுக்கு ஐந்து என்றால் 300. மறுபாதியில் நூற்றுக்கு 25 என்றால் 1,500. மொத்தம் 1,800. இன்னொரு கடை 9,000தான் விற்கிறது. ஆனால் அதில் 2,000 மட்டுமே சிகரெட். கிடைப்பது 100ம் 1,750ம், ஆக 1,850. சின்னக் கடைதான் பெரிய கடை. வாய்க்கணக்கை விட்டு, வற் கணக்கையும் மொத்த வியாபாரியின் பில்களையும் கேளுங்கள். ஒரு வாரமாவது கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்க விடச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

இதையெல்லாம் விடப் பெரியது லீஸ். இன்னும் எத்தனை வருடம் மிச்சம், வாடகை எப்போது ஏறும், கூரை ஒழுகினால் யார் செலவு? 1954ஆம் ஆண்டுச் சட்டம் வாடகைக் கடைக்காரருக்குத் தவணை முடிந்தபின் லீஸைப் புதுப்பிக்கக் கேட்கும் உரிமை தருகிறது. ஆனால் பல லீஸ்களில் அந்த உரிமையை முன்கூட்டியே விலக்கி எழுதியிருப்பார்கள். அப்படிப்பட்ட கடையில் நீங்கள் கொடுக்கும் குட்வில், தவணை முடியும் நாளில் கட்டடக்காரர் கையில். வேலையாட்களும் பழைய சம்பளம், பழைய சேவைக்காலத்தோடு உங்களிடம் வருவார்கள். அவர்களில் ஒருவருக்கு வேலை செய்ய அனுமதி இல்லையென்றால் தண்டம் 45,000 பவுண் வரை போகலாம். ஊர்ப்பையன் என்று இரங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் அங்கே கடையையே விழுங்கும்.

கடைக்குள் தபாலகம் இருந்தால் கமிஷன் வரும், ஆளும் வரும். ஆனால் அந்நாட்டுத் தபாலக நிறுவனத்தின் ஹொரைசன் கணினி காட்டிய பொய்க் கணக்கால் 1999க்கும் 2015க்கும் இடையில் நூற்றுக்கணக்கான உப தபாலதிபர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள், பலர் தெற்காசியர். காசு குறைந்தால் யார் பொறுப்பு என்ற வரியை வாசிக்காமல் அந்த ஒப்பந்தத்தில் கைவைக்காதீர்கள்.

அடுத்தது கமிஷனுக்குப் பெற்றோல் செட் எடுப்பது. இலங்கைத் தமிழர் பலர் இதில் இருக்கிறார்கள். எண்ணெய் கம்பனியுடையது, உங்களுக்கு லீற்றருக்கு இவ்வளவு என்று கூலி, வேலையாள் சம்பளம் உங்கள் தலையில். முதல் குறைவு, தூக்கமும் குறைவு. விலகும்போது விற்க எதுவும் இருக்காது. ஆனால் தொழில் படிக்க இது நல்ல இடம். செட்டையே சொந்தமாக வாங்கும் யோசனை இருந்தால், நிலத்தடித் தாங்கி கசிந்தால் சுத்தம் செய்யும் செலவு யார் மேல் விழும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

வெறுங்கட்டடத்தை எடுத்துப் புதிதாகத் திறப்பதற்குக் குட்வில் கிடையாது. ஆனால் வாடிக்கை பிடிக்கும்வரை மாதக்கணக்கில் வாடகை கையிலிருந்து போகும். இரண்டாவது கடைக்குச் சரி, முதல் கடைக்கு வேண்டாம்.

பங்குக்குச் சேர்வது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கம்பனிப் பதிவில் உங்கள் பெயர் இருந்தால் அது பங்கு, இல்லாவிட்டால் வட்டியில்லாக் கடன்.

என் தீர்ப்பு இது. முதலில் ஒரு வருடமாவது வேறொருவர் கல்லாவில் அல்லது பெற்றோல் செட்டில் நில்லுங்கள். பிறகு சிகரெட்டை நம்பாத ஒரு சின்னக் கடையை, பத்து வருடமாவது மிச்சமுள்ள, புதுப்பிக்கும் உரிமை விலக்கப்படாத லீஸோடு வாங்குங்கள். சொலிசிட்டரை நீங்களே தேடிப் பிடியுங்கள். தரகர் காட்டுகிறவர் வேண்டாம். லீஸில் மூன்று வருடம்தான் மிச்சம் என்றால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்தக் கடையை விட்டுவிடுங்கள்.