ஸ்பெங்லர் கோப்பை: பனித்தளத்தில் மலர்ந்த தோழமை

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

முன்னுரை

திருவொற்றியூரில் மார்கழியிலும் வியர்க்கும். கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்களின் ஓரமாகப் பந்து உதைத்து வளர்ந்த நமக்கும், பனிக்கட்டியின் மேல் ஆடும் ஐஸ் ஹாக்கிக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். காசநோயின் வரலாற்றைப் படிக்கப் போன இடத்தில் நான் அந்த உறவைக் கண்டேன். அதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆட்டத்தின் இயல்பு

ஐஸ் ஹாக்கியில் கோல் காவலர் உட்பட அணிக்கு ஆறு பேர் ஒரே நேரத்தில் களத்தில் இருப்பர். காலில் சறுக்குக் காலணி. பந்துக்குப் பதிலாக மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குலக் கனமும் உடைய ரப்பர் வட்டு. அது துள்ளாமல் வழுக்கிச் செல்வதற்காக முன்கூட்டியே உறைய வைப்பார்கள். இருபது நிமிடம் கொண்ட மூன்று பகுதிகளாக ஆட்டம் நடைபெறும். நம் ஊரில் உருவான என்பீல்டு மோட்டார் சைக்கிள்கள் ஏறிச் செல்லும் லடாக்கிலும் குளிர்காலத்தில் இதனை ஆடுகிறார்கள். இந்திய அணி முதன்முதலாகப் பன்னாட்டுப் போட்டியில் இறங்கியது 2009இல், அபுதாபியில்.

மருத்துவரின் ஊர்

ஸ்விட்சர்லாந்தில் ஏறத்தாழ 1,560 மீட்டர் உயரத்தில் உள்ள மலையூர் டாவோஸ். ஜெர்மனியில் கிளர்ச்சியில் பங்கேற்று நாட்டைவிட்டு வெளியேறிய அலெக்சாண்டர் ஸ்பெங்லர், 1853இல் அங்கு மருத்துவராக வந்தார். அவ்வூராரிடையே காசநோய் அரிதாக இருப்பதைக் கண்டு, மலைக்காற்றே காரணம் என்று கருதினார். நோயாளிகள் பல நாடுகளிலிருந்தும் வரத் தொடங்கினர். மருத்துவ இல்லங்கள் பெருகின. அவருடைய மகன் கார்ல் ஸ்பெங்லரும் மருத்துவரே. காசநோய்க் கிருமியை 1882இல் கண்டறிந்த ராபர்ட் கோக்கிடம் பணியாற்றியவர்.

கோப்பை பிறந்த கதை

முதல் உலகப் போர் 1918இல் முடிந்தது, பகை முடியவில்லை. 1920, 1924 ஆகிய இரு ஒலிம்பிக் ஆண்டுகளிலும் ஜெர்மனிக்கு அழைப்பு இல்லை. அந்நிலையில், போரில் எதிரெதிரே நின்ற நாடுகளின் இளைஞர்கள் மீண்டும் ஒன்றுகூடி ஆட வேண்டும் என்று விரும்பி, கார்ல் ஸ்பெங்லர் 1923இல் இக்கோப்பையை வழங்கினார். முதல் ஆண்டு வென்றது ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அணி. அதில் ஆடியவர்களில் பெரும்பாலோர் கனடா நாட்டு மாணவர்கள். மறு ஆண்டு கோப்பையைப் பெற்றதோ பெர்லின் அணி! ஒலிம்பிக்கின் கதவு மூடியிருந்த அதே 1924இல், டாவோஸின் கதவு திறந்திருந்தது என்பது இங்குக் கருதத்தக்கது.

அன்று தொட்டுப் பெரும்பாலான ஆண்டுகளில் போட்டி நடைபெற்று வருகிறது. இப்போது அது டிசம்பர் 26 முதல் 31 வரை நடைபெறுகிறது. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939இலும் 1940இலும், கொரோனா பரவிய 2020இலும் 2021இலும் நடைபெறவில்லை. கோப்பை தோன்றி நூறாண்டு நிறைந்த 2023இல் டாவோஸ் அணியே வெற்றி பெற்றது.

சென்னையின் பங்கு

சென்னை சேத்துப்பட்டில் 1956இல் காசநோய் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. நோயாளிகளுள் ஒரு பிரிவினருக்கு மருத்துவ இல்லத்திலும், மற்றொரு பிரிவினருக்கு அவரவர் வீட்டிலும் ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தனர். 1959இல் முடிவு வெளியாயிற்று. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்திருந்தனர். அவர்களுடன் வாழ்ந்த குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. மருந்து வந்தபின் மலையும் தேவைப்படவில்லை, ஒதுக்கி வைத்தலும் தேவைப்படவில்லை. டாவோஸின் மருத்துவ இல்லங்கள் பல விடுதிகளாக மாறின. மருத்துவர் தந்த கோப்பை மட்டும் மாறாமல் நின்றது.

என் அனுபவம்

இச்செய்தி எங்கள் தெருவுக்கு மட்டும் வந்து சேரவில்லை. நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கையில், துறைமுகத்தில் மூட்டை தூக்கும் என் தந்தைக்குக் காசநோய் கண்டது. ஆறு மாதம் வீட்டிலிருந்தபடியே மாத்திரை உட்கொண்டு குணமானார். அந்த ஆறு மாதமும் எங்கள் தெருப் பையன்கள் என்னை ஆட்டத்தில் சேர்க்கவில்லை. தண்ணீர்ப் பாட்டிலைத் தொடவும் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுத்த தெரு அணிக்கு ஆள் குறைந்தது. அதன் தலைவரான அண்ணன், "டேய் தம்பி, கோல்ல நிக்கிறியா?" என்று கேட்டார். அன்று ஐந்து கோல் விட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மறு ஞாயிறும் கூப்பிட்டார்.

முடிவுரை

நோயுற்றவனையும் போரில் தோற்றவனையும் உலகம் ஓரமாக நிறுத்தி வைக்கிறது. அவனை மீண்டும் களத்திற்குள் அழைக்க ஒருவர் முன்வந்தால் போதும். டாவோஸில் அவர் ஒரு மருத்துவர். எங்கள் பகுதியில் அவர் ஓர் அண்ணன். தோழர்களே, நம் கல்லூரி மைதானத்தின் ஓரத்திலும் எவனாவது ஒருவன் நின்றுகொண்டிருப்பான். இன்று மாலை அவனைப் பெயர் சொல்லி உள்ளே அழையுங்கள்!