கருங்கல்லுக்குள் போகும் பிட்

அன்புள்ள கதிருக்கு,

தரைக்கடியில் கிடைமட்டமாகத் துளை போடும் எச்.டி.டி. கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகவும், முதல் சைட்டே பல்லாவரம் பக்கம் என்றும் எழுதியிருந்தாய். நல்ல இடத்தில்தான் மாட்டிக்கொண்டாய்! அந்தப் பக்கத்துக் கருங்கல்லுக்கு சார்னோக்கைட் என்று பெயர். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருப்பது இந்த வகைக் கல். அதை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் சார்னாக்கின் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார். துளை போடும் முனையான பிட்டுக்கு எமன் அந்தக் கல்.

மண்ணில் துளை போடுவதைத் தெருவில் பார்த்திருப்பாய். தட்டையான, சரிவு முகம் கொண்ட பிட். சுழற்றிக்கொண்டே தள்ளினால் நேரே போகும்; சுழற்றாமல் தள்ளினால் சரிவுக்கு ஏற்ப வளையும். வெட்டுவதும் திருப்புவதும் அந்த ஒரே பிட்டின் வேலை. பாறையில் இந்தக் கணக்கு செல்லாது. சுழலாத பிட் கல்லில் நகரவே நகராது. பிட்டைத் தாங்கும் ராடோடு சேர்ந்து சுழன்றால் திரும்பாது. பாறைக்கென்று வந்த கருவிகளெல்லாம் இந்த முடிச்சை அவிழ்க்க வந்தவைதான்.

பெரிய ரிக்குகளில் மட் மோட்டார் போடுவார்கள். மட் என்கிற பெண்டோனைட் கலந்த நீரை அழுத்தத்தோடு ராடுக்குள் அனுப்பினால், அந்த ஓட்டமே மோட்டாரின் ரோட்டாரைச் சுழற்றி பிட்டைச் சுற்றவைக்கும். ராடு சும்மா நிற்கும். மோட்டார் உடம்பில் ஒன்றிரண்டு டிகிரி வளைவு உண்டு. அது பார்க்கும் திசையில் துளை மெல்லத் திரும்பும். நேராகப் போக வேண்டுமானால் ராடையும் சேர்த்துச் சுழற்ற வேண்டும். இதற்கு மட் ஏராளமாகச் செலவாகும். சின்ன ரிக்கின் பம்பு தாங்காது. அதற்கு ராடுக்குள் ராடு வைத்த அமைப்பு இருக்கிறது: உள் ராடு பிட்டைச் சுழற்றும், வெளி ராடு திசை பிடிக்கும்.

மட் மோட்டார் போடும்போது ஒன்றை மறக்காதே. தரைக்கு மேலிருந்து பிட்டின் இடத்தைக் காட்டும் லொக்கேட்டருக்கு சிக்னல் தரும் சோண்டு மோட்டாருக்குப் பின்னால் இருக்கிறது. பிட் எப்போதோ தாண்டிப் போன இடத்தைத்தான் திரையில் பார்க்கிறாய். திசை தப்பு என்று அது காட்டும்போது பிட் அந்தத் தப்பிலேயே சில மீட்டர் போயிருக்கும்.

சார்னோக்கைட்டுக்கு டிரைகோன் பிட்தான் என் கட்சி. உருளும் மூன்று கூம்புகள், அவற்றில் டங்ஸ்டன் கார்பைடு பட்டன்கள். அம்மி கொத்துகிறவரின் உளி மாதிரி, பட்டன் கல்லைக் கொத்திச் சில்லெடுக்கும். இது எண்ணெய்க் கிணற்றுக்காகப் பிறந்த பிட். இரண்டு கூம்பாக ஹோவர்ட் ஹியூஸ் 1909இல் காப்புரிமை வாங்கினார், அவர் கம்பெனி 1933இல் மூன்றாவது கூம்பைச் சேர்த்தது. பிட்டுக்கு மூன்றிலக்க எண் ஒன்று கொடுத்திருப்பார்கள். முதல் இலக்கம் 1 முதல் 3 வரை என்றால் எஃகுப் பல்; 4 முதல் 8 வரை பட்டன். உனக்கு வேண்டியது 7 அல்லது 8. வைரத் துணுக்கு பதித்த பி.டி.சி. பிட்டை யாராவது சிபாரிசு செய்வார்கள். சுண்ணாம்புப் பாறையிலும் ஷேலிலும் அது பறக்கும். வெடிப்பு விழுந்த கருங்கல்லில் அதிர்ச்சி தாங்காமல் முனை தெறித்துவிடும்.

மண்ணை விட்டுப் பாறைக்குள் நுழையும் இடம்தான் மோசமானது. சாய்வாக வரும் பிட் பாறை முகத்தில் வழுக்கிக்கொண்டு ஓடப் பார்க்கும். தள்ளும் விசையைக் குறைத்து, பிட் கல்லில் பதியும்வரை பொறுத்திரு. மேலே இருப்பவர்கள் மீட்டர் கணக்குக் கேட்டு அவசரப்படுத்துவார்கள். கேட்டுக்கொள், ஆனால் விசையைக் கூட்டாதே.

வெளியே வந்த பிட்டைக் கழுவிவிட்டு நிதானமாகப் பார். வெளிவரிசை பட்டன்கள் மழுங்கியிருந்தால் துளை குறுகியிருக்கிறது. அடுத்த புது பிட் அங்கே போய் இறுகும். பட்டன்கள் உடைந்திருந்தால் வேகமோ விசையோ அதிகம், அல்லது கல்லுக்குப் பொருந்தாத பிட். ஒரு கூம்பின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அது உருளாமல் இழுபட்டிருக்கிறது, பேரிங் போயிற்று. அடுத்தது, கூம்பே கழன்று துளைக்குள் விழுவது. அதை மீட்டெடுப்பது பெரும்பாடு. பல நேரம் துளையையே கைவிட்டுவிட்டு வேறு தடத்தில் தொடங்க வேண்டிவரும். அதனால் ராடை உள்ளே விடும் முன், யார் அவசரப்படுத்தினாலும், மூன்று கூம்பையும் கையால் சுற்றி, ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் விடு.

அன்புடன்,
சித்தப்பா