இறந்தவன் கை

இரசாயனம் படிப்பவன் சட்டம் எழுதலாமா என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். நெல்லைச் சீமையில் இருக்கும் என் பாட்டனார், தம் தென்னந்தோப்பின் ஒரு பகுதியைக் கோயில் பள்ளிக்கு எழுதி வைக்க விரும்புகிறார். "எழுதி ஒரு வருஷம் உயிரோடு இருந்தால்தான் செல்லுமாம். டில்லியில்தானே இருக்கிறாய், விசாரித்துச் சொல்" என்றார். விசாரித்ததைச் சொல்கிறேன்.

அவர் கேள்விப்பட்டது ஒரு காலத்தில் உண்மை. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் 118ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. உடன்பிறந்தாரின் பிள்ளைகளோ, அவர்களினும் நெருங்கிய உறவினரோ உள்ள கிறிஸ்தவர், சமயத்துக்கோ தருமத்துக்கோ உயில் எழுதினால், எழுதியபின் 12 மாதமாவது வாழ்ந்திருக்க வேண்டும். 6 மாதத்துக்குள் அவ்வுயிலைச் சட்டம் குறித்த காப்பிடத்தில் ஒப்படைத்திருக்கவும் வேண்டும். பதினோராம் மாதம் கண் மூடினால் கொடை வீண். அதே தோப்பை நண்பன் ஒருவனுக்கு எழுதிவிட்டு மறுநாளே இறந்தால் செல்லும்! இந்துக்களுக்கு இத்தடை இல்லை. பார்சிகளுக்கு 1991இல் நீக்கினார்கள்.

இந்த 12, 6 என்னும் எண்கள் எங்கிருந்து வந்தன? 1736இல் இங்கிலாந்து இயற்றிய சட்டத்திலிருந்து. அறநிலையத்தின் கைக்குப் போன நிலம் மீண்டும் வெளிவராது. அதனால் அந்நாட்டார் அதனை 'இறந்த கை' என்றனர். சாகும் தறுவாயில் அஞ்சிக் கொடுத்து வாரிசுகளைத் தெருவில் விடுவார்களே என்ற கவலையும் அவர்களுக்கு இருந்தது. அவர்களோ 1960இல் அவ்விதிகளைக் கைவிட்டார்கள். நாம் வைத்துக்கொண்டிருந்தோம்.

கேரளத்துக் குருவானவர் ஜான் வல்லமட்டம் 1997இல் வழக்குத் தொடுத்தார். நம் திலக் மார்க் உச்ச நீதிமன்றம் 2003 ஜூலை 21இல், இப்பிரிவு சமத்துவத்துக்கு மாறானது என்று தள்ளிற்று. சாவு நாள் எவன் கையில் இருக்கிறது? அதைக் கொண்டு உயிலை அளப்பது தராசில்லாமல் நிறுப்பது போன்றதே.

ஆனால் வாரிசுகளின் அச்சம் வெற்று அச்சமன்று. என் சித்தப்பாமார் முகத்திலும் அதைக் காண்கிறேன். அதற்கு மருந்து அதே சட்டத்தின் 61ஆம் பிரிவில் முன்னமே உண்டு: வஞ்சித்தோ, வற்புறுத்தியோ, மனம் சோரும்வரை நச்சரித்தோ பெற்ற உயில் செல்லாது. இதிருக்க 118 எதற்கு?

பாட்டனாருக்கு நான் எழுதியவை இவை. தெளிந்த அறிவோடு இருக்கையில் எழுதுக. இரண்டு சாட்சிகள் வேண்டும். உயிலால் பயன்பெறுபவர் சாட்சியிடலாகாது, இட்டால் அவருக்கு எழுதியது போய்விடும். பதிவு கட்டாயமில்லை, செய்வது நலம். "எங்கள் ஊர்க் கோயிலுக்கு" என்று மொட்டையாக எழுதற்க; நெல்லைத் திருமண்டலத்துக்குச் சொத்துகளை வைத்துக்கொள்ளத் தனி டிரஸ்ட் அசோசியேஷன் உண்டு, அதன் பெயரும் பள்ளியின் பெயரும் இருக்கட்டும்.

இன்னொன்று, அவருக்குத் தேவையற்றது, விடுதி நண்பர்களுக்குத் தேவைப்படலாம்: கிறிஸ்தவர் ஒருவர் உயில் எழுதியபின் மணம் புரிந்தால் அவ்வுயில் தானே அழிந்துவிடும். மீண்டும் எழுத வேண்டும்.