சட்டத்தில் தொடங்கிய துன்பம்

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஏறக்குறைய 60 இலட்சம் யூதர் கொல்லப்பட்டனர் என்பதை நாம் அறிவோம். ஆனால் அக்கொடுமை நச்சுவாயு அறைகளில் தொடங்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்னரே அரச கட்டளைகளில் தொடங்கியது. அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுள் பெரும்பாலோர் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர்கள். ஆகவே அந்த ஆண்டுகளை நாம் படித்தறிவது அவசியம்.

படிப்படியாக

1933 ஜனவரி 30இல் ஹிட்லர் ஜேர்மனியின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். அப்போது அங்கிருந்த யூதர் சுமார் 5 இலட்சம் பேர். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஏப்ரல் 1இல் யூதரின் கடைகளைப் பகிஷ்கரிக்கும்படி பணிக்கப்பட்டது. கடை வாசல்களில் நாசிப் படையினர் நின்றனர். ஏப்ரல் 7இல் வந்த சட்டம் யூதரை அரச உத்தியோகங்களிலிருந்து விலக்கியது. 1935 செப்டெம்பர் 15இல் இயற்றப்பட்ட நூரம்பேர்க் சட்டங்கள் அவர்களது பிரசாவுரிமையைப் பறித்தன. யூதரும் ஏனைய ஜேர்மனியரும் மணமுடிப்பதைத் தடைசெய்தன.

யூதர் என்பவர் யார்? பாட்டன் பாட்டிமார் நால்வரில் மூவர் யூதராயின் அவரும் யூதரே என்றது சட்டம். ஞானஸ்நானம் பெற்றிருந்தாலும் விலக்கில்லை. தாம் யூதரல்லர் என நிரூபிக்க விரும்பியோர் முன்னோரின் ஞானஸ்நானப் பத்திரங்களைத் தேடிப் பங்குகளுக்கு வந்தனர். இறைமக்களை ஒன்றுசேர்க்கும் பதிவேடு, அயலவரைப் பிரித்தெடுக்கவும் பயன்பட்டது.

தப்பியோட விரும்பியவர்களுக்கும் வழி இலகுவாயிருக்கவில்லை. 1938 ஜூலையில் பிரான்சின் எவியன் நகரில் 32 நாடுகள் கூடிப் பேசின. பெரும்பாலானவை கூடுதலான அகதிகளை ஏற்க முன்வரவில்லை.

எரிந்த செபக்கூடங்கள்

1938 நவம்பர் 9ஆம் திகதி இரவும் மறுநாளும் ஜேர்மனியெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட யூத செபக்கூடங்கள் தாக்கப்பட்டன, பல எரிந்தழிந்தன. சுமார் 30,000 யூத ஆண்கள் தடுப்பு முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஜேர்மன் ஆயர்கள் ஒன்றுசேர்ந்து கண்டனக் குரல் எழுப்பவில்லை.

ஆனால் பேர்லின் புனித ஹெட்விக் பேராலயத்தில் பெர்னாட் லிக்டன்பேர்க் அடிகளார் மௌனமாயிருக்கவில்லை. வெளியே எரிவதும் இறைவனின் இல்லமே என்றார். அன்றுமுதல் மாலைச் செபத்தில் யூதருக்காகப் பகிரங்கமாக மன்றாடினார். அதைக் கேட்ட இரு மாணவியர் அறிவித்ததன்பேரில் 1941 ஒக்டோபரில் கைதானார். நாடுகடத்தப்படும் யூதருடன் தாமும் செல்ல விரும்புவதாக விசாரணையில் கூறினார். சிறைத்தண்டனை முடிந்தபின்னும் விடுதலை கிடைக்கவில்லை. டாக்காவ் முகாமுக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் 1943 நவம்பர் 5இல் இறந்தார். 1996இல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார்.

நமது பங்கு

கிறிஸ்துவைக் கொன்றவர்கள் என்று யூத இனம் முழுவதையும் பழிக்கும் பழக்கம் கிறிஸ்தவரிடையே நூற்றாண்டுகளாக இருந்தது. அயலவரின் துன்பத்தைக் கண்டும் பலர் வாளாவிருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இப்பழியை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் தெளிவாக மறுத்தது. இயேசுவும் மரியன்னையும் அப்போஸ்தலரும் யூதரே என்பதை நாம் மறத்தலாகாது.

குடும்பமாகச் சிந்திக்க:

1. ஓர் இனத்தையோ சமயத்தையோ முழுவதாகப் பழிக்கும் பேச்சு நம் வீட்டில் உண்டா? பிள்ளைகள் அதைக் கேட்கின்றார்களா?

2. நம் மாலைச் செபத்தில், நம்மவரல்லாத எவருக்காக மன்றாடுகின்றோம்?